ஆர்லிஸ் எழுதாமல் விட்ட மாத்திரை

அமெரிக்காவில் நார்த் டகோடாவின் ஒரு சின்ன ஊரில் பத்தொன்பது வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் ஆர்லிஸ் ட்வெய்ட். எந்தப் பனிப்புயலிலும் பிள்ளைகளைக் கீறல் படாமல் வீடு சேர்ப்பவள் என்று பேர். அந்தப் பேரைக் காப்பாற்றத்தான் மனச்சோர்வு மாத்திரையை அறுபது மைல் தள்ளி மைனாட் நகரத்தில் போய் வாங்கினாள். இரண்டு வருஷமாக ஈ காக்கைக்குத் தெரியாது. தெரிந்தால் மாத்திரை தின்பவள் கையில் பிள்ளைகளை விடுவார்களா?

கடைவாய்ப்பல் வீங்கிப் பல் டாக்டர் நைகார்டிடம் போனபோது வரவேற்பு மேசையில் வெர்னா இருந்தாள். சர்ச் பாட்டுக் குழுவில் பக்கத்தில் நிற்பவள். அவள் பேத்திகள் இருவரும் ஆர்லிஸின் பேருந்தில்தான் வருகிறார்கள். என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று படிவத்தில் கேட்டிருந்த இடத்தில் ஆர்லிஸ் 'ஒன்றுமில்லை' என்று எழுதி நீட்டினாள். பல் பிடுங்குவதற்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்?

“குடுத்து வச்சவடி நீ. எனக்கு எழுத இந்தப் பக்கம் பத்தாது,” என்றாள் வெர்னா.

டாக்டர் மரத்துப்போகச் செய்யும் ஊசி இரண்டு போட்டார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, ஆர்லிஸின் நெஞ்சு தறிகெட்டு அடித்தது. தலை பிளந்தது. ரத்த அழுத்தம் பார்த்த டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது.

“வெர்னா, ஆம்புலன்ஸுக்குப் போன் போடு,” என்றவர், நாற்காலியை நிமிர்த்தியபடி தனக்குள் முனகினார். “ரத்தக் குழாய்ல குத்திட்டேன் போல. கை முன்ன மாதிரி இல்ல. போன வருஷமே கடைய மூடுங்கன்னு எம் பொண்டாட்டி சொன்னா.”

சொல்லாமலே இருந்துவிடலாம், பழி அவர் வயசின் மேல் போகும் என்று ஆர்லிஸுக்கு ஒரு நினைப்பு ஓடியது. அந்தப் படபடப்பிலும் ஓடியது. அதுதான் அவளைக் கூசவைத்தது.

“உங்க கை மேல தப்பில்ல, டாக்டர். நான் அமிட்ரிப்டிலின் சாப்பிடறேன்.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷமா.”

டாக்டர் காலி ஊசியைக் கையில் எடுத்தார். “இந்த ஊசில அட்ரினலின் கலந்திருக்கு. அந்த மாத்திரையோட சேந்தா அழுத்தம் இப்படித்தான் எகிறும். அது கலக்காத ஊசி அந்த அலமாரியிலேயே இருக்கு, ஆர்லிஸ். ஒரு வார்த்தை எழுதியிருந்தா எடுத்திருப்பேன்.”

அவர் திட்டியிருந்தால் தேவலை. அவள் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறை வாசலில் வெர்னா, காதில் போனோடு நின்றாள். “என்ன மாத்திரைன்னு சொல்லிட்டேன். எதுக்குச் சாப்பிடறான்னு கேக்கறாங்க.”

டாக்டர் வாயைத் திறக்கப் போனார். ஆர்லிஸ் முந்திக்கொண்டாள். பாதி வாய் மரத்திருந்ததால் சொல் எச்சிலோடு குழறி விழுந்தது.

“புரியலடி,” என்றாள் வெர்னா, மெதுவாக.

ஆர்லிஸ் வாயைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, உரக்கச் சொன்னாள்.