ஒரே மடியில் இரண்டு ஷிப்ட்

அப்பாவுக்குச் சோறு இறங்குவது நின்றபோது மழைக்காலம். சுரங்கத்தில் இழுத்த பாறைத்தூள் இன்னும் அவர் நெஞ்சில்தான் கிடக்கிறது. மாட்டுப்பால் குமட்டியது. செம்மறிப் பால் கெட்டி, கஞ்சியில் ஊற்றினால் உடம்பு தேறும் என்று நினைத்து, குட்டி போட்ட செம்மறி ஒன்றைக் குட்டியோடு, சுரங்கக் கம்பெனி கட்டிய எங்கள் ஸ்கெலட்டன் லைன் வீட்டுக்கு ஓட்டிவந்தேன். கூடவே பேட்டரியில் ஓடும் சின்னக் கறவை மெஷின்.

பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "இன்னாக்கா, செம்மறிகிட்ட பாலா? அடுத்து கோழிகிட்டயா?"

முறை வகுத்தவர் அப்பா. ஷிப்டிலேயே வாழ்ந்தவருக்கு வேறு வழி தெரியாது. "பகல் ஷிப்ட் குட்டிக்கு. ராத்திரி குட்டிய தனியா கட்டு. காலைல மெஷினுக்கு. சண்டையே இல்ல."

அப்படியே செய்தேன். மெஷின் உறிஞ்சியது, விழுந்ததோ நீர்த்த பால். காய்ச்சினால் ஆடை கட்டவில்லை. அப்பா ஒரு வாய் குடித்தார். "தண்ணி ஊத்தினியாமா? பெத்த அப்பன்கிட்டயே பிசினஸா?" சிரிக்கப்போய் இருமினார். சட்டைக்குள் தோள் எலும்பு தனியாக அசைந்தது.

ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வந்த கால்நடை டாக்டரம்மா மடியை அழுத்திப் பார்த்தார். "பால் இருக்கு. மேலே சுரப்பிக்குள்ள நிக்குது, கொழுப்பெல்லாம் அங்கதான். குட்டி முட்டினா மூளையிலருந்து ஆக்ஸிடோசின்னு ஒரு ஹார்மோன் ரத்தத்துல கலக்கும், அப்பதான் கீழ விடும். குட்டி கூட இருக்கறவரைக்கும் மெஷினுக்கு விடாது. அடியில தேங்கினதத்தான் நீங்க கறக்கறீங்க."

"ஊசி போட்டா?"

முறைத்தார். "வேணாம். குட்டியை அடியோட பிரிச்சிடுங்க. கொஞ்ச நாள்ல மெஷினுக்குப் பழகிடும்."

கொஞ்ச நாள். அப்பாவுக்கு அத்தனை நாள் இருக்கிறதா என்று டாக்டரம்மாவிடம் நான் கேட்கவில்லை. அவரும் ஆட்டைப் பற்றி மட்டுமே பேசிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, சுவரைப் பிடித்தபடி வந்து, குட்டியின் கயிற்றை அவிழ்த்தது அப்பாதான். "ரெண்டும் ஒரே ஷிப்ட்ல எறங்கட்டும். நாங்கல்லாம் சுரங்கத்துக்குள்ள ஒரே கேஜ்ல எறங்கல?" ஒரு காம்பில் குட்டியை விட்டார். மற்றதில் நான் மெஷினை மாட்டினேன்.

குட்டி முட்டியது. ஆடு கழுத்தைத் திருப்பி அதை முகர்ந்தது. கண் பாதி மூடியது. குழாயில் ஓடிய நீர்த்த பால் ஒரு கணம் நின்றது. பிறகு வெள்ளையாய், கனமாய், விடாமல் இறங்கியது. யாருக்கென்று அந்த உடம்பு பிரித்துப் பார்க்கவில்லை.

கேழ்வரகுக் கஞ்சியில் ஊற்றி ஊட்டினேன். பாதியில் மூச்சு வாங்கி, கண்ணை மூடிக்கொண்டார். ஸ்பூனைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

"குட்டிக்கு வயிறு ரொம்பிச்சா?"

"ரொம்பிச்சுப்பா. தூங்குது."

கண்ணைத் திறக்காமலே வாயைத் திறந்தார்.