என் அழுகைக்கு வந்த மழை

எனக்கு அழுகை நன்றாக வரும். பெருமைக்குச் சொல்லவில்லை. சிலருக்குக் கோலம் வரும், சிலருக்குப் பாட்டு வரும், எனக்கு அழுகை வந்தது. என் கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு முன்பே ஆரம்பித்து, மூன்றாம் பந்தி எழுந்திருக்கும் வரை அழுதேன் என்று சொல்வார்கள். மாப்பிள்ளை வீட்டார் பயந்துபோய், பெண்ணுக்கு இஷ்டமில்லையோ என்று அம்மாவைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார்களாம். அம்மா, "அதுக்குச் சந்தோசம்னாலும் இப்படித்தானுங்க" என்று சமாளித்திருக்கிறாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள். எனக்குப் பதினேழு வயது. பிறந்தது பீளமேட்டுப் பக்கம். மில் சங்கு ஊதினால் அடுப்புப் பற்றவைக்கும் ஊர். வாழ வந்தது காங்கேயத்துக்கு வடக்கே, நொய்யல் கரையில் இருந்த ஒரு சின்னச் சந்தை ஊர். வீட்டில் நானும், அவரும், மாமியாரும். மாமனார் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகியிருந்தது. சங்குச் சத்தம் இல்லாமல் எனக்கு முதல் ஆறு மாதம் விடிந்ததே தெரியவில்லை. மாமியார் வந்து காலைத் தட்டி எழுப்புவார்.

அப்பா எனக்குச் சீராக ஒரு மாடு கொடுத்தார். அழகான மயிலை, வெள்ளையில் லேசாகச் சாம்பல் ஓடிய உடம்பு. காங்கேயத்துப் பக்கத்திலிருந்து கன்றாக வாங்கி வந்து, மூன்று வருஷம் வளர்த்து, அதைத் திரும்பக் காங்கேயத்துப் பக்கமே அனுப்பிவைத்தார். காங்கேயத்துக்கே மாடு கொடுத்த மனிதர் என்று புகுந்த வீட்டுத் தெருவில் அப்பாவுக்குப் பெயர். "கோயமுத்தூர்ச் சம்பந்தி தேங்காயும் இங்கயே வாங்கி நமக்கே குடுப்பாருங்க" என்று சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் மாட்டுக்கு அதெல்லாம் தெரியாது. என் குரல் கேட்டால் எங்கிருந்தாலும் காதை நிமிர்த்திக்கொண்டு வரும். அந்த ஊரில் என்னை முன்பே தெரிந்த ஒரே உயிர் அதுதான்.

வந்த மறு வருஷம் ஆடியும் பொய்த்தது, ஆவணியும் பொய்த்தது. ஆற்று மணலைத் தோண்டி, ஊறி வரும் தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டுதான் குடத்தை நிரப்புவோம். புரட்டாசியில் ஊர்ப் பெண்கள் மழைச்சோறு எடுக்கக் கிளம்பினார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் உப்பில்லாத சோறு வாங்குவோம். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து, பிள்ளையார் கோயில் திடலில் உட்கார்ந்து ஆளுக்கொரு உருண்டை தின்போம். பிறகு துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, மழையில்லாத இந்த ஊரில் எப்படிப் பிழைப்பது, நாங்கள் போகிறோம் என்று அழுதுகொண்டே ஊர் எல்லை வரை நடப்போம். ஆண்கள் பின்னாலேயே வந்து, மழை வரும், திரும்பி வாருங்கள் என்று கெஞ்சிக் கூட்டிப்போவார்கள். பெண்கள் ஊரைவிட்டுப் போவதைப் பார்த்து வானத்துக்கு மனசு இளகும் என்பது கணக்கு.

முக்கால்வாசிப் பேர் அழுவதுபோல் பாவனைதான் செய்தார்கள். நடுவில் ஒருத்தி சிரித்துவிடுவாள், இன்னொருத்தி அவளைக் கிள்ளுவாள். ஆனால் எல்லைக்குப் போகும் பாதை மேற்கே கோயமுத்தூரைப் பார்த்துப் போகும் பாதை. தலையில் மூட்டை வேறு. நான் நிஜமாகவே அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று என் கால்கள் நினைத்துக்கொண்டன. எனக்கு அழுகை பிடித்துக்கொண்டது. எல்லைக் கல்லைத் தாண்டியும் நடந்தேன். ஆண்கள் வந்து கூப்பிட்டும் நிற்கவில்லை. கடைசியில் மாமியார் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மற்ற பெண்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒன்பதாம் நாள் மழை வந்தது.

அப்புறம் கேட்கவேண்டுமா! கடைவீதியில் போனால், "இந்தப் புள்ள அழுததுக்கு வந்த மழைங்க" என்று கை காட்டினார்கள். முறுக்குக்காரம்மா ஒரு முறுக்கைச் சும்மா கொடுத்தாள். சீர் மாட்டைக் கேலி செய்த வாய்களெல்லாம் அடைத்துப் போயின. என் தலைக்கனத்தைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது நன்றாக இருக்காது. மழையை என் பிறந்த வீட்டுச் சீர்போல நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மழை விடவில்லை. எந்த நாள் எந்த நாள் என்று பிரித்துச் சொல்ல இப்போது என்னால் முடியாது. எல்லாம் சேர்ந்து ஒரே நீண்ட சாயங்காலமாக நினைவிருக்கிறது. பகலிலும் விளக்கு எரிந்தது. ஓட்டில் விழும் சத்தத்திலேயே தூங்கி, அதே சத்தத்தில் விழித்து, களி கிண்டி, கொள்ளு ரசம் வைத்து, மறுபடி கண்ணயர்ந்தேன். அரைத் தூக்கத்தில் மில் சங்கு கேட்கும். எழுந்து உட்கார்ந்தால் மழை. என் ஊருக்குத் தெற்கே ஓடுவதும் இதே நொய்யல்தான். அம்மா வாசலில் கொட்டிய தண்ணீர் ஓடைக்குப் போய், ஓடையிலிருந்து ஆற்றுக்கு வந்து, ஆறு அதை இங்கே கொண்டுவந்து சேர்க்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு படுத்திருப்பேன். அந்த நினைப்பு இனிப்பாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வந்த மழையை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டார்கள். விட்டால் தேவலை என்றோ, இது என்ன சனியன் என்றோ வாயில் வரக்கூடாது. சொன்னால் போய்விடும், போனால் எந்த வருஷம் வருமோ. துணி காயாமல் நாற்றமெடுத்தாலும், "மழை நல்லாப் பேயுது சாமி" என்றுதான் சொல்வார்கள். எதிர்வீட்டு மண்சுவர் இடிந்து விழுந்தபோது, அந்த மனிதர் இடிந்த சுவர்மேல் நின்றுகொண்டு, "நல்லாப் பேயுதுங்க" என்று எங்களிடம் சொன்னார். முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கு மாட்டைப் பற்றிய கவலை வந்தது. மயிலை அப்போது சினை. தலைச்சன் கன்று, ஈனுவதற்கு இன்னும் மாதம்கூட இல்லை. மாடுகள் எல்லாம் ஆற்றோரம் கொறங்காட்டில் கிடந்தன. கொறங்காடு என்றால் எங்கள் மேய்ச்சல் காடு. உழுவதில்லை, விதைப்பதில்லை. சுற்றிலும் முள்ளுக் கிளுவையை நெருக்கமாக நட்டு வேலியாக வளர்த்து, உள்ளே மாடுகளை விட்டுப் படலைச் சாத்திவிட்டால், அவை பாட்டுக்கு மேய்ந்துகொண்டு கிடக்கும். எங்கள் வேலியில் ஓணான்கூட நுழையாது என்று மாமியாருக்குப் பெருமை.

"அத்தை, மாட்டையெல்லாம் ஊட்டுக்கு ஓட்டியாந்துபோட்டா என்னங்க? ஆத்துல தண்ணி..." என்று ஒரு மத்தியானம் ஆரம்பித்தேன்.

மாமியார் சட்டென்று என் வாயைத் தன் கையால் பொத்தினார். "வந்த மழைய வையாத கண்ணு. தண்ணிக்கு பயந்து மாட்ட ஓட்டுனா, நீ வேண்டாம் போன்னு சொன்னமாதிரி ஆயிப்போகும்."

வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார். "உன்ற மழை உன்ற மாட்டத் தொடுமா புள்ள?"

எனக்கும் அந்தப் பதில் பிடித்திருந்தது. அதுதான் வெட்கக்கேடு. இன்னொரு தடவை பிடிவாதமாகச் சொல்லியிருக்கலாம். கோபக்காரி என்று பெயர் எடுத்தவள், கோபம் வேண்டிய அன்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆறு வந்தது ஒரு காலை வேளையில். "புதுத்தண்ணி வந்திருச்சு" என்று தெருவெல்லாம் கூப்பாடு. எல்லோரும் மஞ்சளும் பூவும் எடுத்துக்கொண்டு படித்துறைக்கு ஓடினோம். வேறு எந்த ஊர்க்காரனும் அந்தத் தண்ணீரைப் பார்த்தால் எதிர்ப்பக்கம்தான் ஓடியிருப்பான். நாங்கள் வருஷக்கணக்காக மணலில் கொட்டாங்குச்சி வைத்துத் தண்ணீர் மொண்டவர்கள். செம்மண் நிறத்தில் கரைமுட்டப் போகும் ஆற்றைப் பார்த்து எங்களுக்குக் கும்பிடத்தான் தோன்றியது. மாமியார் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கிழவர்கள் அழுதார்கள். ஒரு வைக்கோல் போர் முழுசாக மிதந்து போனது, மேலே ஒரு கோழி. ஒரு கதவு போனது, நிலையோடு. உரல்மேல் வைக்கும் மரக் குந்தாணி ஒன்று சுற்றிச் சுற்றிப் போனது. நான் அதிலெல்லாம் அம்மா வீட்டுச் சாமான் ஏதாவது வருகிறதா என்று தேடிக்கொண்டு நின்றேன். யார் வீட்டுக் கதவோ என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

எங்கள் கொறங்காட்டைப் பார்த்துக்கொள்ளும் பண்ணையத்து ஆள் இடுப்பு வரை சேற்றோடு ஓடிவந்தார். "சாமி! ஆத்துத் தண்ணி ஓடை வழியா ஏறி, காட்டுக்குள்ள பூந்திருச்சுங்க! மாடெல்லாம் உள்ள கெடக்குதுங்க!"

கையிலிருந்த பூவோடு ஓடினோம். படல் இருந்த பள்ளத்துப் பக்கம் முழுக்கத் தண்ணீர். படலின் நுனி மட்டும் தெரிந்தது. அவரும் பண்ணையத்து ஆளும் மேட்டுப் பக்கத்து வேலியை அரிவாளால் வெட்டினார்கள். ஓணான் நுழையாத வேலி அரிவாளுக்கு லேசில் வழிவிடுமா? கையெல்லாம் முள் கிழித்து ரத்தம். ஒரு மாடு போகிற அளவு வழி விழுந்ததும் நான்கு மாடுகள் முட்டிமோதிக்கொண்டு வெளியே வந்தன. மயிலை வரவில்லை.

அது காட்டின் நடுவே வெள்வேல மரத்தடி மேட்டில் நின்றிருந்தது. சுற்றிலும் தண்ணீர் ஓசையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மழை வெளுத்த வெளிச்சத்தில் அந்த வெள்ளை உடம்பு தண்ணீரின் மேலேயே நிற்பதாகத் தெரிந்தது. எங்களைப் பார்த்தது. நகரவில்லை.

"கூப்புடு கண்ணு," என்றார் மாமியார். "உன்ற கொரலுக்குத்தான் அது வரும்."

கூப்பிட்டேன். வா சாமி, வா என்று, தவிடு வைக்கும்போது கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டேன். காதை நிமிர்த்தியது. ஒரு தடவை தயங்கியது. பிறகு என்னை நம்பித் தண்ணீரில் இறங்கியது.

பாதி தூரம் வந்தது. வயிற்றுக் கனம். நடுவில் இழுப்பு அதிகமாக இருந்தது. தலை திரும்பியது, முதுகு திரும்பியது, அப்படியே பக்கவாட்டில் போனது. கீழ்ப்பக்கத்து வேலி தண்ணீருக்குள் இருந்தது. அங்கே போய் மாட்டிக்கொண்டது. அவர் இறங்கப் பார்த்தார். பண்ணையத்து ஆள் அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். காதுகள் கடைசிவரை என் பக்கமே இருந்தன.

அன்று மத்தியானமே தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. வெள்வேல மரத்தடி மேடு முழுகவே இல்லை. மயிலையின் குளம்புகள் பதிந்த இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்ததைப் போய்ப் பார்த்தேன். நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் அது அங்கேயே நின்றிருக்கும்.

ஊரில் ஆற்றோரத் தெரு முழுக்க விழுந்து கிடந்தது. எல்லோருக்கும் அவரவர் இழவு. யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. யாரும் என் மழை என்றும் சொல்லவில்லை. மாமியார் என்னோடு சமையல் தவிர வேறெதுவும் பேசாமல் இருந்தார். நான் அழவில்லை. வரவில்லை. அடுத்த வருஷம் அப்பா செத்துப்போய் நான் ஊருக்குப் போனபோதும் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "உனக்கு என்னாச்சு அம்மிணி" என்று அப்பாவை விட்டுவிட்டு எனக்காக அழுதாள்.

வெள்ளம் வந்த மூன்றாம் வருஷம் மறுபடி ஆவணி பொய்த்தது. ஊற்றுக் குழி ஆளுயரம் போனது. மழைச்சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தியும் என்னைப் பார்த்துப் பேசவில்லை. "மருமவளக் கொஞ்சம் அனுப்புனீங்கன்னா..." என்று மாமியாரிடம்தான் இழுத்தார்கள். எனக்கு அழுகை வராது என்பது அவர்களுக்குத் தெரியாது. வரமாட்டேன் என்று நான் வாயெடுப்பதற்குள் மாமியார், "இருங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு, வெயிலில் விறுவிறுவென்று எங்கேயோ போனார்.

நாங்கள் எல்லோரும் வாசலிலேயே நின்றோம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. வெகுநேரம் கழித்துத் தெருக்கோடியில் புழுதி எழும்பியது. மாமியார் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, கொறங்காட்டில் கிடந்த மாடுகளையெல்லாம் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். கன்று காலி ஒன்றைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் எங்கள் வீட்டுக் கட்டுத்தறியில் ஒவ்வொன்றாகக் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்தார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இப்பப் போயி அழு கண்ணு," என்றார்.

திடலுக்குப் போவதற்குள், அந்தக் கட்டுத்தறியிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.