ராஜா என்ன சொன்னான்

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்குத் தொலைக்காட்சிப் பெட்டி எதிர்வீட்டு குஜராத்திக்காரர்கள் வழியாக வந்தது. மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிறவர்கள். அந்த வீட்டம்மாளைச் சந்து முழுவதும் ‘பென்’ என்றே கூப்பிட்டது. குஜராத்தியில் அது அக்கா என்று பொருள்படும் என்று அறியாமல் நானும் அதுதான் அவள் பெயர் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். தாராள மனசுக்காரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் திறந்துபோட்டு, கூடத்தில் பாயை விரித்து, வருகிறவர்களை எல்லாம் உட்காரவைத்துவிடுவாள்.

ஞாயிறு காலையில்தான் அந்த மந்திரவாதி கதை வந்தது. டில்லியிலிருந்து வருகிற ஹிந்தித் தொடர். அதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு; எங்களில் ஒருவருக்கும் அது வாயில் நுழையவில்லை. ஒரு ராஜாவை மந்திரவாதி தூக்கிக்கொண்டுபோய் மலைக்கு அப்பால் ஒரு கோட்டையில் வைத்திருக்கிறான். ராணி ஒரு வெள்ளைக் குதிரையில் ஏறி அவனைத் தேடிப்போகிறாள். வாரம் ஒரு தடங்கல் வரும். பேசுகிற மரம், தீ கக்குகிற ஆறு, தலையைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிற காவல்காரன். அந்தத் தலை அட்டையில் செய்தது என்பது எங்களுக்கே தெரிந்தது. இருந்தும் பயந்தோம்.

பென்னின் வீட்டாரை விட்டால், பார்க்கப் போனவர்களில் ஹிந்தி தெரிந்தவர் மாமா ஒருவர்தான். நான் நாலாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் ஹிந்தி அடுத்த வருடம்தான் தொடங்கும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தமிழும் மலையாளமும் போக வேறொன்றும் தெரியாது. ஆகவே எங்களுக்குக் கதை சொல்லும் வேலை மாமாவுக்கு வந்து சேர்ந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பென் வீட்டாரின் பண்டகசாலையில்தான் அவருக்குக் கணக்கு வேலை. முதலாளிகளோடு பேசிப்பேசி ஹிந்தியும் குஜராத்தியும் படிந்திருந்தன. கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார்; ஞாயிறு மட்டும் எங்கள் வீட்டில் சாப்பாடு. அம்மா அவருக்குப் பாலக்காட்டுப் பக்கம் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் ஒவ்வொரு ஜாதகத்துக்கும் ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மாமாவின் மொழிபெயர்ப்பு யாருக்காக என்று கேட்டால் எங்களுக்காக என்றுதான் அன்று சொல்லியிருப்பேன். ஆனால் அவர் எப்போதும் உட்கார்ந்தது அத்தையின் பக்கத்துப் பாயில், ஒரு முழம் தள்ளி. அத்தை அப்பாவின் தங்கை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருடம் பம்பாயில் இருந்தவள். அவளுடைய கணவர், நான் பார்த்தேயிராத அத்திம்பேர், வடக்கே எங்கோ வேலையில் இருப்பதாக எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர் ஏன் ஒரு லீவுக்கும் வரவில்லை என்று நான் கேட்டதில்லை. வடக்கு தூரம் என்பது போதுமான காரணமாக இருந்தது.

அத்தை வீட்டில் பேசுகிறவளே அல்ல. கேட்டதற்குப் பதில், அதுவும் பாதி. ஆனால் பென் வீட்டுக் கூடத்தில் அந்தக் குதிரை ஓடத் தொடங்கியதும் அவள் வேறு ஒருத்தியாகிவிடுவாள். “அந்தக் கெழவியை நம்பாதேடி, அவ அவனோட ஆளு!” என்று ராணிக்குச் சத்தமாக எச்சரிக்கை கொடுப்பாள். தீ ஆற்றின் கரையில் ராணி தயங்கி நின்றபோது, “கண்ணை மூடிண்டு கால வை, ஒண்ணும் ஆகாது” என்றாள். ராணி காலை வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. அத்தை சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பி அழுதாள். பிள்ளைகள் நாங்கள் பெட்டியைப் பாதி நேரமும் அத்தையைப் பாதி நேரமும் பார்த்தோம். மீன்காரச் சேச்சி ஒருத்தி அத்தையைப் பார்ப்பதற்காகவே கூடையை வெளியே இறக்கிவைத்துவிட்டு வருவாள்.

மாமா இதற்கெல்லாம் சிரிக்கமாட்டார். ராணி பேசினால் ராணியின் குரலில், மந்திரவாதி பேசினால் மந்திரவாதியின் குரலில், தாழ்ந்த தொனியில் சொல்லிக்கொண்டே போவார். அத்தையை அவர் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளும் அவரை அப்படித்தான். கதை முடிந்தபின் இருவரும் சந்தின் குறுக்கே நடந்து வீட்டுக்கு வந்து, ஒருவர் சமையலறையிலும் ஒருவர் முன்கூடத்திலும், தெரியாதவர்கள்போல் இருந்துவிடுவார்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது ராணி கோட்டையை அடைந்தாள்.

அந்த ஞாயிறு கூடம் நிறைந்துவிட்டது. அப்பாகூட வந்திருந்தார். காற்றில் ஆன்டெனா ஆடி, படம் கோடு கோடாகப் போனது. பென்னின் மகன் மொட்டைமாடியில் மழையில் நின்று அதைத் திருப்பிக்கொண்டிருந்தான். “மதி, மதி, போதும், அங்கேயே பிடிச்சுக்கோ!” என்று கீழிருந்து எல்லோரும் கத்தினோம். படம் தெளிந்தபோது ராணி ராஜாவின் அறை வாசலில் நின்றாள். உள்ளே ராஜா உட்கார்ந்திருந்தான். சங்கிலி இல்லை, காவல் இல்லை. மெத்தை, பழத்தட்டு, பின்னால் விசிறிக்கொண்டு ஒரு பெண். ராணி ஓடிப்போய் அவன் காலடியில் விழுந்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. நிதானமாக, நீளமாக ஏதோ சொன்னான்.

மாமா பேசவில்லை.

“என்ன மாமா சொல்றான்?” என்று நான் கேட்டேன்.

“சொல்றான்...” மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். “சாபம் இன்னும் முழுக்கத் தீரலையாம். இப்போ எழுந்தா கல்லாப் போயிடுவானாம். நீ முன்னால போ, நான் பின்னாலயே வரேன், எப்படியும் வருவேன், காத்திண்டிருன்னு சொல்றான்.”

என் பக்கத்தில் இருந்த பென்னின் மகள் துள்ளி எழுந்தாள். என் வயது, என்னோடு ஒரே வகுப்பு. தப்பு என்று தெரிந்தால் ஆசிரியையைக்கூடத் திருத்திவிடுகிறவள். “அங்ஙனெயல்ல!” என்று மலையாளத்தில் கூவினாள். “என்னெ ஆரும் கெட்டியிட்டிட்டில்லா, ஞான் இஷ்டப்பெட்டு நில்க்குந்நதாணு, நீ திரிச்சு பொய்க்கோ என்னா ராஜாவு பறஞ்ஞது!”

என்னை யாரும் கட்டிவைக்கவில்லை, நான் விருப்பப்பட்டுத்தான் இங்கே இருக்கிறேன், நீ திரும்பிப்போய்விடு. ராஜா சொன்னது இதுதான். கூடத்தில் மலையாளம் தெரியாதவர் யாரும் இல்லை.

பென் மகளின் தொடையில் கிள்ளி உட்காரவைத்தாள். மாமாவின் முகம் சிவந்துபோயிற்று. திட்டு வாங்கிய பையனைப்போல உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை மட்டும் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அவன் என்ன சொன்னான்னு எனக்குத் தெரியும்” என்றாள். “எல்லா வாரமும் தெரியும்.” கொஞ்சம் பொறுத்து மாமாவிடம் நேராகத் திரும்பினாள். நான் பார்த்து அதுதான் முதல் தடவை. “நீங்க சொன்னது நன்னா இருந்தது. மிச்சத்தையும் சொல்லுங்கோ.”

மாமா மிச்சத்தைச் சொல்லவில்லை. மழை வலுக்குமுன் வீடு சேர வேண்டியவர்கள்போலச் சிலர் எழுந்து போனார்கள். மீன்காரச் சேச்சி போகாமல் நின்று, அத்தையையும் மாமாவையும் மாறிமாறிப் பார்த்தாள்.

அன்று மத்தியானம் மாமா சாப்பிட வரவில்லை. சமையலறையில் அம்மாவும் அத்தையும் இருந்தார்கள். எனக்குப் பசி, தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

“நோக்கு ஹிந்தி தெரியுமோ?” என்று அம்மா கேட்டாள்.

“தெரியும் மன்னி.”

“ஒரு வார்த்தை வராதுன்னு உங்கண்ணா சொல்லிண்டிருந்தாரே.”

“அண்ணா கேக்கலை. ரெண்டு வருஷம் அடுத்தாத்துக்காராளோட வேற எந்த பாஷையில பேசியிருப்பேன்? அவர் காலம்பற ஆபீசுக்குப் போனவர் திரும்பலைன்னு போலீஸ் ஸ்டேஷன்லயும், ரயில்வே ஸ்டேஷன்லயும், ஆஸ்பத்திரியிலயும் போய்க் கேட்டேனே, தமிழ்லயா கேட்டேன்?” அத்தை தேங்காய் துருவிக்கொண்டே பேசினாள். குரல் ஏறவில்லை. “கடைசியில ஆளைக் கண்டுபிடிச்சு வாசல்ல போய் நின்னேன். இந்த ராஜா சொன்னதையேதான் அவரும் சொன்னார். இத்தனை அழகாச் சொல்லலை.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, “பின்னே எதுக்குத் தெரியாத மாதிரி உக்காந்திண்டிருந்தாய்?” என்றாள்.

“தெரியாத மாதிரி இருந்தா ஒருத்தர் பக்கத்துல உக்காந்து சொல்றார்” என்றாள் அத்தை.

அம்மா அடுப்பைத் தணித்தாள். அவள் கெட்டவள் அல்ல. அத்தைக்குத் தலைவாரிப் பின்னிவிடுகிறவள், காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்திருக்கிறவள். அந்த வாரம் முழுவதும் அப்பாவும் அவளும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். ஒருமுறை அப்பா, “அவளுக்குன்னு அது ஒண்ணுதானே இருந்தது” என்று சொன்னது காதில் விழுந்தது. அதற்கு அம்மா, “நானா இல்லைங்கறேன்? கழுத்துல தாலியோட இருக்கறவ. நாளைக்கு நாலு பேர் கேட்டா யார் பதில் சொல்றது? என் தம்பிக்கும் ஒரு ஜீவிதம் வேண்டாமா?” என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

அடுத்த ஞாயிறு வருவதற்குள் எங்கள் வீட்டுக்கே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வந்துவிட்டது. அப்பா முன்னறிவிப்பின்றி ஒரு கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. இனிமேல் பென் வீட்டுக்கு யாரும் போகவேண்டியதில்லை என்றார் அப்பா. எனக்கு அதில் ஒரே ஒரு குறைதான் தெரிந்தது: கதை சொல்ல மாமா வரவில்லை. முதலாளியின் கோழிக்கோட்டுக் கிளைக்கு அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார் என்றார்கள். அங்கே போன சில வாரங்களில், அம்மா பார்த்துவைத்திருந்த ஜாதகங்களில் ஒன்றுக்கு, எதுவும் காரணம் சொல்லாமல் சரி என்று எழுதிவிட்டார்.

நான் இதையெல்லாம் எனக்குத் தெரிந்த முறையில் கோத்து வைத்துக்கொண்டேன். மாமா கதையை மாற்றிச் சொன்னார், அது பொய், பொய் சொன்னதற்கு வீட்டில் தண்டனை கொடுத்துவிட்டார்கள். என்னை முட்டிபோட வைப்பார்கள். பெரியவர் என்பதால் அவரைக் கோழிக்கோட்டுக்கு அனுப்பிக் கல்யாணம் செய்துவைக்கிறார்கள். இத்தனை சின்னப் பொய்க்கு இது கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் பட்டது. மாமாவுக்காகப் பரிந்து பேசலாமா என்றுகூட யோசித்தேன்.

எங்கள் வீட்டுப் பெட்டியில் ராணி ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் என்று யாருக்கும் புரியவில்லை. அப்பா, “நீயும் வந்து உக்காரேன்” என்று அத்தையை ஒவ்வொரு வாரமும் கூப்பிடுவார். அத்தை ஒவ்வொரு வாரமும், “அடுப்புல வேலை இருக்கு அண்ணா” என்பாள். சமையலறையிலிருந்து ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. ராணியைப் பாம்பு கடித்த வாரத்தில்கூட.

மாமாவின் கல்யாணம் பாலக்காட்டுக்குப் பக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் தொடரின் கடைசிப் பகுதி. நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று உருண்டு புரண்டேன்; அடி விழுந்தது, போனேன். அத்தை வரவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டுமே என்றாள், யாரும் அவளை வற்புறுத்தவில்லை. பந்தியில் மாமா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். எல்லோரும் சுற்றிலும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, இலையைப் பார்த்தபடி, “இப்பவும் பாக்கறாளோ?” என்று கேட்டார்.

“யாரு?”

“யாருமில்லை. சாப்பிடு” என்றார்.

திங்களன்று ஊர் திரும்பினோம். பையைக்கூட இறக்காமல் நான் சமையலறைக்கு ஓடினேன். “கடைசி பாத்தேளா அத்தை? என்ன ஆச்சு?”

“பாத்தேன்.” முகம் வெளுத்து, கண் வீங்கி இருந்தாள். தலைவலி போலும் என்று நினைத்தேன். எனக்குக் காப்பி ஆற்றிக்கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து சொன்னாள். “ராஜா திரும்பி வந்தான். அரண்மனை வாசல்ல வந்து நின்னான். எல்லாரும் பூப் போட்டா, மேளம் கொட்டினா. ராணி கீழ எறங்கி வந்து, சாப்பிட்டாச்சான்னு கேட்டா.”

“சண்டை போடலையா?”

“இல்லை.”

“அழலையா?”

“எத்தனைதான் அழறது?” என்றாள் அத்தை. பிறகு, “பொண்ணு நன்னா இருந்தாளா?” என்று கேட்டாள்.

நல்ல சிவப்பு, எனக்கு ரிப்பன் கொடுத்தாள், சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறது என்று நான் மூச்சுவிடாமல் சொன்னேன். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். “நல்லவளா இருக்கட்டும்” என்றாள்.

எனக்கு அந்த முடிவு கொஞ்சமும் பிடிக்கவில்லை. இவ்வளவு தூரம் போய் வந்து, சாப்பிட்டாச்சா என்று கேட்பதா? “நான் ஒரு கடைசி சொல்லட்டுமா?” என்றேன். என் கதையில் ராணி மந்திரவாதியை அவன் வளர்த்த தீயிலேயே தள்ளினாள். அவன் எரிந்ததும் ராஜாவின் கண்ணிலிருந்து ஒரு புகை வெளியே போயிற்று. இதுவரை பேசியது எல்லாம் நான் இல்லை, அவன்தான் என்னைப் பேசவைத்தான் என்று ராஜா அழுதான். இருவரும் ஒரே குதிரையில் ஏறி வீட்டுக்கு வந்தார்கள்.

அத்தை தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டாள். முடித்ததும், “இன்னொரு தடவை சொல்லு” என்றாள்.

சொன்னேன். ராஜா பேசும் இடத்தில் ராஜாவின் குரலையே வைத்துச் சொன்னேன். அத்தை சேலைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. நான் கதை சொல்லுவதில் அவ்வளவு கெட்டிக்காரி என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. பெருமை தாங்காமல், யாரும் கேட்காமலே, மூன்றாம் தடவையும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.