அக்காவின் கம்பளி

முப்பது வருடம் தாதியாகவும் மேட்ரனாகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். நோயாளியின் பொருளை அடுத்த கட்டிலுக்குக் கொண்டுபோனதற்காக எத்தனை பேரைத் திட்டியிருப்பேனோ, தெரியாது.

பதுளைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்த என் அக்காவின் தோலில் மருந்துக்கு அடங்காத பூஞ்சைக் கிருமி இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. உடனே அவரைத் தனி அறைக்கு மாற்றினார்கள். பழைய கட்டிலில் கிடந்த அவர் கம்பளியைக் கட்டிச் சலவைக்கு அனுப்பப் பை வரும்வரை அதற்கு நான் காவல் இருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்த ராசம்மா, வயிற்றில் ஒபரேஷன் முடிந்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

"மிஸ், அந்தக் கம்பளியக் கொஞ்சம் குடுங்களேன். குளிரு எலும்புல ஏறுது."

"அது அக்காவோடதும்மா."

"குடுங்க மிஸ், தூக்கிக்கிட்டு ஓடவா போறேன்? எந்திரிக்கவே முடியல."

இருவரும் சிரித்தோம். போர்த்திவிட்டேன். அரை மணி நேரம்தானே என்று, விதிமுறை தெரிந்தவளுக்கே உரிய சலுகையை எனக்கு நானே வழங்கிக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் அதே கிருமி ராசம்மாவின் இரத்தத்தில் இருந்தது. எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. அக்கா வீடு திரும்பினார், ராசம்மா திரும்பவில்லை. கம்பளியால்தான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம்.

அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போத்திவிட்டத அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க மிஸ்" என்றாள். நடந்ததைச் சொன்னேன். கையை விட்டுவிட்டாள்.

இப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் பிரிக்காத புதுக் கம்பளி ஒன்றைக் கையோடு கொண்டுபோகிறேன். குளிர்கிறது என்பவருக்கு அதைக் கொடுக்கிறேன். இன்னொருவர் கட்டிலில் கிடப்பதைக் கேட்டால், அழுதாலும் கொடுப்பதில்லை.