கடைசி இடத்துக்காரனுக்கு முதல் ஆள்

தோற்றவனைக் கூப்பிட்டு முதல் பந்தியில் உட்கார வைக்கிற தொழில் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான்: பந்து லீக்குக்கு ஆள் பொறுக்குகிற தொழில்.

இலங்கை மலையகத்தில், மடுல்சீமைக்கும் மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. பகலெல்லாம் கொழுந்து மலையில் ஆட்களை வேலை வாங்கிக் கத்திவிட்டு, மிச்சமிருக்கிற தொண்டையைத் தோட்டத்துப் புட்போல் கிளப்புக்குச் செயலாளராகக் கொடுத்தேன். தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களும் பதுளை டவுன் கிளப்பும் சேர்ந்து, சம்பளம் கொடுத்து விளையாட வைக்கிற லீக் ஒன்றை நடத்தின. வருடத்தில் ஒரு நாள் புது இளவட்டங்களையெல்லாம் பதுளை மைதானத்துக்கு வரவழைத்து விளையாட விடுவோம். பிறகு கிளப்புகள் முறை வைத்துப் பெயர் சொல்லும். பெயர் சொல்லப்பட்டவன் அந்தத் தோட்டத்துக்கே போக வேண்டும். அங்கே வேலை, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை. போன வருடம் கடைசியாக வந்த கிளப்புக்கே முதல் பெயர் சொல்லும் உரிமை. அந்த உரிமையை நாங்கள் வருடா வருடம் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை!

எங்கள் துரைக்கு, அதாவது தோட்டத்து மேனேஜருக்கு, அது பொறுக்கவில்லை. தோட்டத்திலேயே சமதரை எங்கள் மைதானம் ஒன்றுதான். கல்யாணம், கூத்து, பந்து எல்லாம் அங்கேதான். இப்படியே கடைசியில் நின்றால் அதில் தேயிலை நட்டுவிடுவேன் என்று துரை சொல்லிவிட்டார். கடைசி வரிசையிலேயே காலம் தள்ளிய கிளப் செயலாளர்களே, நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

நொண்டிகள் மாநாடு

முதல் வருடம் மைதானத்துக்குள் நுழைந்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். முக்கால்வாசிப் பயல்கள் நொண்டுகிறார்கள். ஒருவன் பந்தைக் கண்டதும் ஒதுங்கி வழிவிடுகிறான். இன்னொருவன் சொந்தக் கோலுக்கே குறி பார்த்து அடிக்கிறான். விசாரித்ததில்தான் விஷயம் தெரிந்தது. நன்றாக விளையாடினால் முதல் பெயராகச் சொல்லி நாங்கள் மடுல்சீமைக்குக் கொண்டுபோய்விடுவோமாம். பஸ் இல்லாத ஊருக்கு எவன் வருவான்?

சும்மா விடுவேனா? எவன் ரொம்ப அக்கறையாக நொண்டுகிறானோ அவன்தான் கெட்டிக்காரன் என்று முடிவு கட்டி, ஹாலிஎலயிலிருந்து வந்த ஒருவனின் பெயரைச் சொன்னேன். அவன் நொண்டுவதை மறந்து ஓடி வந்தான். "ஐயா, நான் நல்லா வெளையாடுவேன்னு ஒங்களுக்கு யாரு காட்டிக் குடுத்தது?"

டாக்டர் வந்தார்

அந்தப் பையன் வரவேயில்லை. விளையாட்டே வேண்டாம் என்று கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான். நாங்கள் மறுபடியும் கடைசி. அடுத்த வருடம் நொண்டிகளைப் பரிசோதிக்க லீக் ஒரு டாக்டரைக் கூட்டி வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். ஒருவனைக் காலை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார். அவனும் ஐயோ அம்மா என்று ஊரைக் கூட்டினான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "காலமை வலது கால் எண்டீர், இப்ப இடது காலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர். உமக்கு நோவு காலிலை இல்லைத் தம்பி, மடுல்சீமையிலை."

பெண் பார்க்கும் படலம்

நொண்டத் தெரியாத ஒரு கோல் கீப்பர் கிடைத்தான். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துப் பையன். பெயரைச் சொல்லி இரண்டு நாள் ஆகவில்லை, அவன் அம்மா தாய்மாமனையும் கூட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டார். லயத்தைச் சுற்றிப் பார்த்தார். தண்ணீர் பிடிக்கிற பீலி எங்கே, கக்கூஸ் எங்கே, கூரை ஒழுகுமா, ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று கேள்வி மேல் கேள்வி. பந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கூசிப்போய்ப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். அந்தக் கேள்விகளைத் துரையிடம் கேட்க வேண்டும், எங்களில் ஒருவனுக்கும் அந்தத் தைரியம் இருந்ததில்லை. டீயைக் குடித்துவிட்டுச் சேலையை உதறிக்கொண்டு அந்த அம்மா எழுந்தார். "பொம்பளப் புள்ளயவே இம்புட்டுத் தூரத்துல குடுக்க மாட்டோம்ங்க, கோல் கீப்பரயா குடுப்போம்?"

முதலாளியின் கவலை

பதுளை டவுன் கிளப்பை நடத்தியவர் ஒரு துணிக்கடை முதலாளி. நல்ல மனிதர். வருடா வருடம் முதலிடம் அவர்களுக்கே, ஆகவே பெயர் சொல்லும் முறை கடைசி, ஆனால் நல்ல ஆட்களெல்லாம் அந்த முறைக்குத்தான் மிஞ்சுவார்கள். காலையில் நொண்டியவன் அவர் வாயில் தன் பெயர் வந்ததும் மான்குட்டியாகத் துள்ளுவான். ஒரு நாள் வயிற்றெரிச்சல் தாங்காமல் அவர் கடைக்கே போனேன். "முதலாளி, ஒரே ஒரு வருஷம் நல்ல ஆளா ஒண்ணு விட்டுக் குடுங்க, எங்க கிரவுண்டு போயிரும்" என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர் பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, ஒளிவு மறைவில்லாமல் பேசினார்: "நீங்க மேல வந்தா எங்கட பாடு என்னாகும் கணக்கப்புள்ள? ஒங்கட தோட்டத்துக்குப் பயந்துதானே பொடியன்கள் என்ட முறை வரும் வரைக்கும் நொண்டுறாங்க!"

ஓடி விளையாடியவன்

இரண்டாயிரம் தாண்டி ஒரு வருடம் முருகேசு என்று ஒருவன் வந்தான். மெலிந்த உருவம், காலில் சப்பாத்துக்கூட இல்லை. பேய் மாதிரி ஓடினான். எதிரே நின்றவர்கள் வேண்டுமென்றே வழிவிட்டார்கள் என்பது உண்மைதான், ஆனால் வழிவிடாதவர்களையும் தாண்டினான். எல்லாக் கிளப்புக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இவனுக்கு விஷயம் தெரியாதா, இல்லை மண்டையில் ஏதாவது கோளாறா?

எனக்கும் சந்தேகம்தான். தனியே கூப்பிட்டு, "தம்பி, நல்லா வெளையாடினா மடுல்சீமைக்கு மேல வரணும், தெரியுமில்ல?" என்றேன். தெரியும் என்று தலையாட்டினான். "பொறகு எதுக்குடா இந்த ஓட்டம்?" அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான். "எங்க தோட்டத்துக்கு ஒங்க தோட்டம் டவுனுங்க. ஒங்களுக்கு ரோட்டுன்னு ஒண்ணாவது இருக்கில்லைங்களா?"

பரிசு

அந்த வருடம் முருகேசு அடித்த அடியில் நாங்கள் மூன்றாவதாக வந்தோம். லயமே தப்படித்து ஆடியது. நானும் ஆடினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. கிரவுண்டு தப்பிவிட்டது என்று என் மனைவி கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

மறு வாரம் துரை எங்களைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு, ஆளுக்கொரு துண்டு கேக் கொடுத்து, முருகேசுவின் முதுகைத் தட்டினார். திரும்பி வரும்போது மைதானத்தில் ஆட்கள் கயிறு பிடித்துத் தேயிலைக் கன்று வைக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். வாயில் கேக்கோடு பங்களாவுக்குத் திரும்பி ஓடினேன். "தொரை, நாங்க கடைசியா வரலீங்களே!" என்றேன். துரைக்குக் கோபமே இல்லை, சிரித்த முகமாகத்தான் சொன்னார்: "அதுதானே கணக்கபுள்ள, பொடியன்க இப்ப நல்லா வெளையாடப் பழகிட்டாங்க தானே, இனிப் பழகுறதுக்கு கிரவுண்டு என்னத்துக்கு?"

ஆகவே செயலாளர்களே, தோட்டத்துப் பந்தில் நான் கற்றது இவ்வளவுதான்: கோலை எந்தப் பக்கம் அடித்தாலும் ஜெயிக்கிறது தேயிலைதான்.