எந்தப் பல்?

தூத்துக்குடியில் இறங்கியதிலிருந்து பல்வலி. தனியார் கிளினிக்கில் கேட்ட தொகைக்கு இந்தப் பயணத்தையே இன்னொரு முறை போய்வரலாம். அதனால் காலையிலேயே அரசு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டேன்.

டாக்டரம்மா சிறு கம்பியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டி, எது வலிக்கிறது என்று கேட்கிறார். இரவில் கீழ்ப்பல் என்று சத்தியமே செய்திருப்பேன். இப்போது மேல்பல்லோ என்று தோன்றுகிறது. எதுவுமே வலிக்கவில்லை.

"தெரியாம எதைப் பிடுங்க? வெளிய உக்காருங்க. வலி வந்ததும் வாங்க."

பெஞ்சில், கன்னத்தைப் பொத்தியபடி ஒரு துறைமுக லாரி டிரைவர். "மாத்திரை போட்டுட்டா வந்திய அண்ணாச்சி? வலியோடல்லா வரணும்."

"ராத்திரி தாங்க முடியலையே."

"எனக்கு மட்டும் தாங்கிச்சா? மத்தியானம் மூடிருவாவ, பாத்துக்கிடுங்க."

அவரைக் கூப்பிடுகிறார்கள். சாயங்காலம் எனக்கு ரயில். இரவெல்லாம் போய்த் தொலை என்று கெஞ்சிய வலியை, நாக்கால் பல் பல்லாகத் துழாவித் தேடிக்கொண்டிருக்கிறேன்.