மிகச் சிலர் நடக்கும் பாதை

ஓர் ஐப்பசி மாதக் காலையில்தான் நர்ஸம்மாவை முதலில் பார்த்தேன். தென்காசியில் நான் வேலை பார்த்த, சுற்றுவட்டாரத்து ரோடுகளையும் ஆஸ்பத்திரிகளையும் கவனிக்கும் போர்டு ஆபீஸின் வாசலுக்குத் தன் சைக்கிளைப் பாதி தள்ளியும் பாதி தூக்கியும் கொண்டுவந்தார். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே களிமண் இறுகிப்போய் இரண்டு சக்கரமும் சுற்றாமல் நின்றிருந்தன. சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து, குனிந்து மண்ணை நோண்டி எடுத்தார். அவசரமே இல்லை. மண் முழுதும் வந்த பிறகு சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டிச் சுற்றவிட்டுப் பார்த்தார். பிறகு குழாயடியில் கை கழுவி, பையிலிருந்து நான்காக மடித்த ஒரு மனுவை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முந்தைய காலம் அது. போர்டின் பிரசவ நிலையத்தில் அவர் மருத்துவச்சி. நாற்பது வயதிருக்கும், விதவை, பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். பெண்பிள்ளை சைக்கிள் விடுவதா என்று ஒரு வருஷம் யோசித்துவிட்டு, போர்டு அவருக்குச் சைக்கிள் அலவன்ஸ் கொடுத்திருந்தது. முதல் சில மாதங்கள் கடைத்தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் பிறகு தங்கள் வீட்டுப் பிரசவங்களுக்கு அவரையே கூப்பிட்டார்கள். பெயர் சொல்லி யாரும் அழைத்ததில்லை. எல்லோருக்கும் நர்ஸம்மாதான்.

மனுவில் அவர் கேட்டிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. பெரிய ரோட்டிலிருந்து பிரிந்து, வாய்க்கால் கரையோடு ஒரு மைல் போனால் ஒரு சிற்றூர் வரும். வெயில் காலத்தில் கரைமேல் சைக்கிள் போகும். மழை பிடித்தால் அத்தனையும் களிமண்; நடுவில் ஓர் ஓடை வேறு. வண்டிப் பாதை சுற்றிக்கொண்டு நாலு மைல். கரைமேல் சரளை போட்டு நடைபாதையாக்கி, ஓடைக்கு ஒரு சிறு பாலம் கட்டித் தரவேண்டும் என்று எழுதியிருந்தார். தலைச்சுமையோடு சந்தைக்கு வரும் பெண்களுக்கும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும், பிரசவத்துக்குப் போகும் தனக்கும் அது உதவும் என்றிருந்தது.

பாதை, பாலம் சம்பந்தப்பட்ட காகிதங்களைப் பார்க்கும் குமாஸ்தா நான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்தச் சிற்றூரில்தான் என் தங்கையைக் கட்டிக் கொடுத்திருந்தோம். அதை நான் நர்ஸம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவுமில்லை.

தை மாதம் சர்க்கார் கிராமப் பாதைகளுக்கென்று மானியம் ஒதுக்கியது. எங்கள் பங்குக்கு வந்ததில் ஒரு பாதை போடலாம். ஓவர்சியர் போய் அளவெடுத்து வந்தார். வாய்க்கால் கரைதான் பட்டியலில் முதலில் இருந்தது. போர்டுக் கூட்டத்தில் ஒரு மெம்பர் எழுந்து, குற்றாலத்துக்குச் சீசனில் எங்கெங்கிருந்தோ பெரிய மனிதர்கள் வருகிறார்கள், பங்களாக்களிலிருந்து அருவிக்கு நடந்துபோக ஒழுங்கான பாதை இல்லை, இந்தப் பணத்தில் அதைப் போடலாம் என்றார். மறுத்துப் பேச ஆளில்லை. தீர்மானம் நிறைவேறியது. ஆனால் பட்டியலில் முதலில் இருந்ததைத் தள்ளுவதற்குக் காகிதத்தில் ஒரு காரணம் வேண்டும். ஹெட்கிளார்க் பைலை என் மேஜையில் வைத்தார். அந்த ஊர் எனக்குத் தெரியும் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவர் கெட்டவர் அல்ல. குரலைக்கூட உயர்த்தவில்லை.

“ஒமக்கு வேலை நிரந்தரமாகணுமா வேண்டாமா வே? எளுதும்.”

எழுதினேன். இந்தப் பாதையால் பயனடைவோர் மிகச் சிலரே என்று பொருள்பட, இங்கிலீஷில், ஒரே வாக்கியம். என் கையெழுத்து அழகாக இருக்கும். அன்றும் அழகாகவே இருந்தது.

பதில் கிடைத்த மறுநாள் நர்ஸம்மா வந்தார். கடிதத்தை என் முன்னால் விரித்து, அந்த வாக்கியத்தின் அடியில் விரலை வைத்தார்.

“மிகச் சிலர்னு எளுதியிருக்கு. யாராவது அங்கன போய் எண்ணிப் பாத்தியளா தம்பி?”

மேலிடத்துத் தீர்மானம் என்றேன். சரி என்று கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனி மாதம் சாரல் விழத் தொடங்கியபோது குற்றாலத்துப் பாதையைத் திறந்து வைத்தார்கள். நானும் போயிருந்தேன். இரண்டு பக்கமும் கல் பதித்து, நடுவில் சிவப்புச் சரளை பரப்பி, மரங்களுக்கு அடியில் வளைந்து வளைந்து போயிற்று. குடைபிடித்த குடும்பங்கள் பேசிக்கொண்டே நடந்தன. செருப்பில் சேறு ஒட்டவில்லை. முகத்தில் சாரல் பட, நானும் அருவி வரைக்கும் நடந்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை.

தங்கைக்கு அது இரண்டாவது பேறு. மூத்தது பெண், எங்கள் வீட்டில்தான் பிறந்தது. இரண்டாவதைப் புருஷன் வீட்டிலேயே பார்த்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. ஐப்பசியில் ஒரு நாள் விடிந்ததும் வலி கண்டிருக்கிறது. தங்கையின் புருஷன், எங்கள் மாப்பிள்ளை, சேற்றில் விழுந்தெழுந்து டவுனுக்கு வந்து நர்ஸம்மாவிடம் சொன்னார். நர்ஸம்மா உடனே சைக்கிளில் கிளம்பினார். பெரிய ரோடு முடியும் வரைக்கும் சைக்கிள் போயிற்று. வாய்க்கால் கரையில் பத்தடி தாண்டவில்லை. அங்கேயே அதைக் கிடத்திவிட்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை முன்னே போகப் பின்னால் நடந்தார். ஓடையில் வெள்ளம் இடுப்புக்கு மேல் போனது. கரையில் நின்று கூப்பிட்டு, அக்கரையிலிருந்து ஆட்கள் வந்து கயிறு கட்டி அவரை அழைத்துப்போக வெகுநேரம் ஆகியிருக்கிறது. வீடு சேர்ந்தபோது உச்சிப்பொழுது.

எனக்கு ஆபீஸில் சேதி வந்தபோது மத்தியானம் கழிந்திருந்தது. நானும் அந்தக் கரை வழியாகவே போனேன். ஒரு செருப்பைச் சேறு பிடுங்கிக்கொண்டது. மற்றதை நானே கழற்றி எறிந்தேன். ஓடையில் தண்ணீர் அதற்குள் முழங்காலளவுக்கு வடிந்திருந்தது. வீட்டில் தங்கையைக் கிடத்தி வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். பக்கத்தில் சின்னதாக இன்னொரு துணி மடிப்பு. என் அம்மா வந்து சேர்ந்திருக்கவில்லை. அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு நடுவே மூத்த குழந்தை கையில் ஒரு கரும்புத் துண்டோடு உட்கார்ந்திருந்தது. நான் அழவில்லை. எவ்வளவு முயன்றும் எதுவும் வரவில்லை. மாப்பிள்ளையின் தோளைத் தொட்டேன். தொட்ட கை வேறு யாருடையதோ போலிருந்தது.

கொல்லையில் நர்ஸம்மா கை கழுவிக்கொண்டிருந்தார். சேலை தொடை வரைக்கும் மண்ணாக இருந்தது. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“உதிரம் நிக்கல தம்பி. ஒரு மணிநேரம் முந்தி வந்திருந்தா ஏதாவது செஞ்சிருப்பேன்.” சொம்பைக் கீழே வைத்துவிட்டு, “ஒங்க தங்கச்சின்னு எனக்குத் தெரியாதே. சொல்லலையே நீங்க,” என்றார்.

குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆபீஸுக்குப் போனபோது என் மேஜையில் அவருடைய புது மனு இருந்தது. பழைய மனுவின் அதே வாசகங்கள். தங்கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. இந்தத் தடவை நான் நீளமாகக் குறிப்பெழுதினேன். அதில் நானும் தங்கையைச் சொல்லவில்லை. அடுத்த வருஷத்து மானியத்தில் பாதையும் பாலமும் அனுமதியாயின. என் வேலை நிரந்தரமான உத்தரவும் அதே மாதத்தில் வந்தது. இரண்டையும் ஒன்றுபோலவே வாசித்து பைலில் வைத்தேன்.

தங்கை விட்டுப்போன பெண்ணை, என் மருமகளை, பார்க்க மாதம் ஒரு முறை போவேன். ஒவ்வொரு முறையும் வண்டிப் பாதையில், நாலு மைல் சுற்றித்தான். ஏன் என்று வீட்டில் கேட்டார்கள். சாமான் இருக்கிறது என்பேன். யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது நர்ஸம்மாவை வாசுதேவநல்லூருக்கு மாற்றினார்கள். சொல்லிக்கொள்ள ஆபீஸுக்கு வந்தவர் என் மேஜை அருகில் நின்றார்.

“பாதை நல்லாக் கெடக்கு தம்பி. மழையில சைக்கிள் நிக்காமப் போவுது. ஒரு நாளு போய்ப் பாருங்க.”

பார்க்கிறேன் என்றேன். அதன் பிறகு அவரை நான் சந்திக்கவில்லை. என்ன ஆனார் என்று விசாரிக்கவுமில்லை.

இப்போது அந்தச் சிற்றூருக்கு பஸ் போகிறது. குற்றாலத்துப் பாதை எத்தனையோ முறை பெயர்க்கப்பட்டு, அகலமாகி, இருமருங்கும் கடைகளாகிவிட்டது. நடப்பவர்களுக்கும் சைக்கிள் விடுபவர்களுக்கும் பாதை போடச் சர்க்கார் பணம் ஒதுக்கியிருப்பதாகப் பேப்பரில் எப்போதாவது வரும். படித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவேன்.

போன ஐப்பசியில் மருமகள் வந்திருந்தாள். அந்தச் சிற்றூரிலேயே வாழ்க்கைப்பட்டவள்; அவளுக்கே பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். திரும்பும்போது பஸ் கிடைக்கவில்லை; நடந்தே போய்விடுவோம், நீங்களும் வாங்க மாமா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுக்கக் காரணம் எதுவும் சிக்கவில்லை. ரோட்டிலிருந்து பிரிந்து வாய்க்கால் கரையில் ஏறினோம். சரளை தேய்ந்து கெட்டித்துப் போயிருந்தது. மழை பெய்த தரைதான், கால் புதையவில்லை. எதிரே புல்லுக்கட்டோடு பெண்கள் வந்தார்கள். இரண்டு பையன்கள் மணியடித்துக்கொண்டு சைக்கிளில் கடந்தார்கள். மருமகள் பேரனின் படிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாலத்தைத் தாண்டினோம், அதன் அடியில் தண்ணீர் சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. ஊர் வந்துவிட்டது. எனக்கு எண்பது வயதாகிறது. தடியூன்றி, இரண்டு இடத்தில் மூச்சு வாங்க நின்றுதான் நடந்தேன். அவள் வீட்டு வாசலில் மணி பார்த்தேன். கரையில் ஏறி அரைமணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.